ஆறு நிமிடக் கணக்கு

சொலிசிட்டரின் பில் வந்தது கந்தசஷ்டி விரதம் தொடங்கிய அன்று. தடித்த வெள்ளை உறை. பிரிக்காமல் சாமி அறையில் முருகன் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். எங்கள் வீட்டில் அது வழக்கம். கவுன்சில் கடிதமோ ஆஸ்பத்திரிக் கடிதமோ, மனம் பதறக்கூடியது எதுவானாலும் ஒரு இரவாவது அவன் காலடியில் இருக்கவேண்டும். விரத நாளில் வந்தால் விரதம் முடியும்வரை. என் மனைவி தொடங்கிவைத்த பழக்கம். அவள் கண்ணை மூடி இரண்டு வருடமாகியும் நான் விடவில்லை. அதனால் எனக்கு ஒரு கிழமை, ஆறேழு நாள், வீணாகப் போனது என்று பிறகுதான் தெரிந்தது.

பாரணை முடிந்த காலை, தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு உறையைப் பிரித்தேன். முதல் பக்கத்தின் அடியில் இருந்த தொகையைப் பார்த்தேன். தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

வழக்கு அப்படியொன்றும் பெரியதல்ல. தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் இருபத்தொரு வருடம் நாங்கள் இரண்டு பேரும் ஒரு மூலைக்கடை நடத்தினோம். கட்டடம் வாடகைக்கு எடுத்தது. அவள் போன பிறகு தனியே கடையை இழுக்க ஏலாமல் பூட்டித் திறப்பைத் திருப்பிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துக் கட்டடச் சொந்தக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. கூரை, தரை, சுவர் எல்லாவற்றையும் நான் பழுதாக்கினேனாம், திருத்துகிற செலவை நான்தான் கட்டவேண்டுமாம். பக்கத்து ஊரான மோர்டனில் வழக்குப் பார்க்கிற, தமிழ் கதைக்கிற சொலிசிட்டர் ஒருவர் இருக்கிறார் என்று கோயிலில் சொன்னார்கள். போனேன். முப்பத்தைந்து வயது மதிக்கலாம், பெண்பிள்ளை. இங்கே பிறந்து வளர்ந்தது. ஆனாலும் என்னைக் கண்டவுடன் எழும்பி, "வாங்கோ அங்கிள், இருங்கோ" என்று சொன்னது. அந்த ஒரு சொல்லில் நான் அந்தப் பிள்ளையிடம் என் பொறுப்பையெல்லாம் கொடுத்துவிட்டேன். அன்று நீட்டிய கட்டணக் கடிதத்தை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். "வாசிச்சுப்போட்டுப் போடுங்கோ அங்கிள்" என்று அது சொன்னதையும் இங்கே சொல்லவேண்டும். இல்லாவிட்டால் பாவம்.

பத்து மாதத்தில் சொந்தக்காரர் கேட்டதில் காற்பங்குக்கு இறங்கி வந்தார். பிள்ளை வேலையை நன்றாகத்தான் செய்தது. ஆனால் இறங்கி வந்ததால் எனக்கு மிஞ்சியதை அந்தப் பில் அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது.

காசு கட்ட வழியில்லாமல் இல்லை. கடைச் சாமான் விற்ற காசு கொஞ்சம் வங்கியில் கிடந்தது. என்னைப் போட்டு வருத்தியது வேறு. பில்லைப் பற்றிக் கேள்வி கேட்டால் அந்தப் பிள்ளையோடு பிறகு எப்படிக் கதைப்பது? கடை இருந்த காலத்தில் காலை ஆறு மணியிலிருந்து இரவு வரை ஆட்களோடுதான் இருந்தேன். பால் வாங்க வருகிறவர்கூட மழையைப் பற்றி இரண்டு சொல் சொல்லாமல் போகமாட்டார். கடையைக் கொடுத்த பிறகு, திங்கள் தொடங்கி வியாழன் வரை வாய் திறக்காத கிழமைகளும் இருந்தன. தேவாரம் பாடுகிறபோதுதான் என் குரல் இருக்கிறதென்று எனக்கே தெரியும். மகள் பிரிஸ்டலில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. அவளைக் கரைச்சல்படுத்தக்கூடாது என்று நானே அழைப்பதைக் குறைத்துக்கொண்டேன். நான் போன் எடுத்தால் மறுமுனையில் நின்று, "சொல்லுங்கோ அங்கிள்" என்று தமிழில் சொல்ல மிஞ்சியிருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

அதை விட்டுக்கொடுப்பதா, கேட்காமல் கட்டுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள், மகள் வாங்கித் தந்த டப்லெட் கணினியை எடுத்து வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் இருந்தேன்.

நான் ஊரில் பத்தாம் வகுப்பு, சாதாரண தரம் வரை படித்தவன். முதலில் தமிழில்தான் எழுதிப் பார்த்தேன். வழக்கறிஞர் பில் கூடுதலாக வந்தால் என்ன செய்யலாம் என்று. கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு தம்பி வீடியோவில் வந்து கைகளை ஆட்டி ஆட்டி அருமையாக விளக்கினார். இருபது நிமிடம் கேட்டபிறகுதான் அது சென்னை நீதிமன்றத்துக்கான விளக்கம் என்று விளங்கியது. பிறகு எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினேன். மேலே வந்த பக்கத்தில் 'உங்கள் சொலிசிட்டர் உங்களிடம் கூடுதலாக வாங்கிவிட்டாரா?' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே பெயரும் தொலைபேசி இலக்கமும் கேட்ட கட்டங்கள். நிரப்பினேன். அது விளம்பரம் என்று எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த பத்து நாளும் என் போன் அடித்தபடியே இருந்தது. ஒருவர் எனக்குக் கார் விபத்து நடந்ததா என்று கேட்டார். கார் இல்லை என்றேன். நடந்துபோகும்போது விழுந்தீர்களா என்று கேட்டார். இன்னொருவர் எனக்கு ஈட்டுக்கடன் வேண்டுமா என்றார். மனைவி போனபின் அந்த வீட்டில் போன் அப்படி அடித்ததில்லை. வைக்கச் சொல்லி மகள் திட்டியும், நான் ஒவ்வொருவரோடும் இரண்டு நிமிடம் கதைத்தேன். ஒரு பிள்ளையிடம் அதன் ஊரில் மழையா என்றுகூடக் கேட்டேன்.

விளம்பரங்களுக்குக் கீழே போனபிறகுதான் உருப்படியான பக்கங்கள் கிடைத்தன. அரசாங்கப் பக்கம் ஒன்று, இன்னும் இரண்டு மூன்று. அகராதியும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று நாள் வாசித்தேன். பில் கையில் கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் கேட்டால், அதைச் சரிபார்க்கச் சொல்லி நீதிமன்றத்திடம் போகும் உரிமை நமக்கு முழுமையாக உண்டு. மாதம் கடந்தால் அது நீதிபதியின் விருப்பம், நிபந்தனைகளும் வரலாம். நீதிமன்றம் பில்லை ஐந்தில் ஒரு பங்காவது குறைத்தால் சரிபார்த்த செலவு பெரும்பாலும் சொலிசிட்டரின் தலையில். அதற்குக் குறைவென்றால் எங்கள் தலையில். நீதிமன்றம் போவதற்கு முன் சொலிசிட்டரின் ஒபிசுக்கே எழுதிக் கேட்பதுதான் நல்லது. இவற்றை எல்லாம் மகளின் பழைய பாடசாலைக் கொப்பியில் எழுதி வைத்தேன். முருகன் காலடியில் பில் கிடந்த ஆறு நாளையும் கொப்பியில் கழித்துப் பார்த்தேன். அவனைக் குறைசொல்லவில்லை. பிரித்துப் பார்த்துவிட்டு வைத்திருக்கலாம்.

சட்டச் செலவைச் சரிபார்ப்பதையே தொழிலாகச் செய்கிற வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள் என்பதும் அங்கேதான் தெரிந்தது. மண்ணெண்ணெய் விற்கிற கடையில் அரிசியும் கிடைக்கும் என்று நினைக்கிறவன் நான். வழக்கறிஞரென்றால் எல்லா வழக்கும் பார்ப்பார் என்றுதான் இருந்தேன். அவர்களுக்கென்று ஒரு பதிவேடு இருந்தது. யாரென்று தேடிப் பார்க்கலாம். தேடி, தெற்கு லண்டனில் ஒருவரைப் பிடித்தேன். ஆங்கிலேயப் பெண்மணி. போனை எடுத்தவுடன் நான் முதலில் கேட்டது, "இந்தப் பேச்சுக்கு எவ்வளவு?" என்று.

அவர் சிரித்தார். "முதல் பேச்சுக்கு ஒன்றுமில்லை. இப்படிக் கேட்கிறவர்கள் குறைவு. முன்பே கேட்டிருந்தீர்களென்றால் என்னிடம் வந்திருக்கமாட்டீர்கள்."

பில்லின் விவரம் முழுவதையும் ஒபிசிடம் கேட்டு வாங்கச் சொன்னார். வந்ததும் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, வழக்கு வேலை எது, வேறு எது என்று குறிக்கச் சொன்னார். "உள்ளதை உள்ளபடி குறியுங்கள்" என்றார். "கூட்டிக் குறித்தால் எல்லாமே பிசகும்."

விவரம் மின்னஞ்சலில் வந்தது. நூலகத்தில் அச்செடுத்தேன். பதினேழு பக்கம். பாதிக்கு மேல் ஒரே வரிதான், தேதி மட்டும் வேறு: வாடிக்கையாளருடன் தொலைபேசி. பக்கத்தில் எத்தனை அலகு என்று ஒரு எண். ஆறு நிமிடம் ஒரு அலகு. ஒரு நிமிடம் கதைத்தாலும் ஆறு நிமிடக் காசு. நான் கையெழுத்துப் போட்ட கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே அது இருந்தது.

ஆர்ச்வேயில் இருக்கும் முருகன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைகளில் போவேன். மோர்டனிலிருந்து ஒரே ரயில். அங்கே எனக்குப் பழக்கமான ஓர் அண்ணை, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பூசை முடிந்து அன்னதானத்துக்குக் காத்திருந்தபோது கடதாசிகளை அவரிடம் காட்டினேன்.

"இது பில்லோ, கலியாண வீட்டுச் சாமான் லிஸ்டோ?" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எல்லாம் போன். நீ அந்தப் பிள்ளையோட ஊர்க்கதை கதைச்சனியோ?"

"கொஞ்சம் அண்ணை."

"கொஞ்சமோ. பத்து மாசம் கதைச்சிருக்கிறாய். என்னோட கதைச்சிருந்தா ஒரு தேத்தண்ணியோட விட்டிருப்பன்."

"நீங்கள் எங்கை அண்ணை கேக்கிறியள். நீங்கள்தானே கதைக்கிறது."

அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு ஒரு வரியில் விரலை வைத்தார். "இது என்ன, வெள்ளிக்கிழமை ஒண்டு, திங்கள் ஒண்டு?"

சொல்ல வெட்கமாக இருந்தது. வழக்கு நல்லபடி முடியவேண்டும் என்று அந்தப் பிள்ளையின் பெயரில் அர்ச்சனை செய்ய விரும்பினேன். அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டும். கோயிலுக்கு வெளிக்கிடுகிறபோது போன் எடுத்துக் கேட்டேன். "தெரியாது அங்கிள், அம்மாட்டக் கேக்கோணும்" என்றது. திங்கட்கிழமை திரும்ப எடுத்தேன். "அனுஷமாம் அங்கிள்." அதற்கு ஒரு அலகு, இதற்கு ஒரு அலகு.

அண்ணை கடதாசிகளை மடித்து என் கையில் தந்தார். பிறகு, "அர்ச்சனை ரிக்கெட் மலிவு" என்றார்.

வீட்டுக்கு வந்து பக்கங்களைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். வேலை முடிந்து அவளே எடுத்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். குரல் வேறுமாதிரி இருந்தது.

"அப்பா, ஒம்பதாவது பக்கம் பாருங்கோ. நாலு அலகு. இருபத்துநாலு நிமிஷம். அண்டைக்கு அம்மாட முதல் ஆட்டைத்திவசம்."

"ஓம்."

"அண்டைக்கு நானும் எடுத்தனான். ரெண்டு நிமிஷத்தில வைச்சிட்டீங்கள்."

"நீ வேலையில நிண்டனி, மகள். அழுதுபோடுவாய் எண்டு."

"அந்தச் சொலிசிட்டரும் வேலையிலதானே அப்பா நிண்டவ. அதுக்குத்தானே பில் வந்திருக்கு."

ஒன்பதாம் பக்கத்தைத் தேடி எடுத்து மேலே வைத்தேன். பிறகு, பென்சிலை எடுத்துக் குறிக்கத் தொடங்குங்கோ, நாள் போகுது என்றாள். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

சனிக்கிழமை காலை குளித்து, விபூதி பூசி, சாமி அறையிலேயே பாயைப் போட்டு இருந்தேன். பொய்க்குறி விழுந்துவிடக்கூடாது. ஒவ்வொரு தேதியாக எடுத்தேன். எல்லாம் ஞாபகத்தில் இருந்தது. அந்த நாட்களில் வேறொன்றும் நடக்கவில்லை, மறப்பதற்கு. இது கூரைப் படம் அனுப்பியது பற்றி, வழக்கு. இது கொதிதண்ணி இயந்திரம் பழுதாகி யாரைக் கூப்பிடுவது என்று கேட்டது, வழக்கல்ல. இது தைப்பூசத்துக்கு மோதகம் கொண்டுபோய் ஒபிசில் கொடுத்து, பத்து நிமிடம் இருந்தது. இது கட்டடச் சொந்தக்காரரின் பதிலைப் பற்றி இரண்டு நிமிடம், மிச்சம் பத்து நிமிடம் என் மூட்டு வலி. அதில் பாதியை மட்டும் வெட்டினேன்.

பதினான்கு வரிகளைப் பென்சிலால் குறித்தேன். ஒன்பதாம் பக்கத்து வரியில் பென்சில் நின்றது. அன்று திவசம் முடிந்து ஐயரும் போனபின், சமைத்த பாத்திரங்களைக் கழுவ மனமில்லாமல் இருந்து அந்தப் பிள்ளைக்கு எடுத்தேன். ஒரு கடிதம் வந்ததா என்று கேட்கத்தான். அது "என்ன அங்கிள் குரல் ஒருமாதிரி இருக்கு" என்றது. அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நான் கடையைப் பூட்டப் போன அரைமணித்தியாலத்தில் மனைவி போய்விட்டதை, அதுவரை நான் ஒருவருக்கும் சொல்லாததை, அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். அது இடையில் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டது.

செலவு சரிபார்க்கிற ஆங்கிலேய அம்மாவைத் திரும்ப அழைத்து, இந்த வரி வழக்கல்ல, ஆனால் நான் வெட்டமாட்டேன் என்றேன். காரணம் கேட்டார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "அவர் வேலை செய்தார்" என்று மட்டும் சொன்னேன். "உங்கள் இஷ்டம். வெட்டினாலும் நியாயம்தான்" என்றார். வெட்டவில்லை.

மகள் போனில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். கடுமையாக ஒரு சொல்லும் இல்லை. வழக்குக்காகச் செய்த வேலைக்கு மனநிறைவோடு கட்டுகிறேன், குறித்திருக்கிற வரிகளை மட்டும் தயவுசெய்து திரும்பப் பார்க்கவும் என்றுதான். பதிவுத் தபாலில் போட்டேன். போட்ட நேரத்திலிருந்து என் கை சும்மா இருக்கவில்லை. போனை எடுத்து, பிள்ளை, ஒரு கடிதம் வரும், குறைநினைக்காதையுங்கோ என்று சொல்ல மனம் உன்னியது. அதுவும் ஒரு அலகாகிவிடும் என்று வைத்தேன்.

நாலாம் நாள் அந்தப் பிள்ளையே எடுத்தது. தன் சொந்தக் கைபேசியிலிருந்து.

"அங்கிள், கடிதம் கிடைச்சுது."

"கோவமோ பிள்ளை?"

"இல்லை அங்கிள். நீங்கள் கேட்டது சரி. ஆனா எங்கட ஒபிசில இதை முறைப்பாடெண்டுதான் பதியோணும். இனி நான் உங்களோட நேர கதைக்கக்கூடாது. வேற ஒராள் பாப்பார். அதைச் சொல்லத்தான் எடுத்தன்."

"இது முறைப்பாடில்லைப் பிள்ளை. ஒரு விளக்கம் கேட்டன்."

"தெரியும் அங்கிள்." குரலைத் தாழ்த்திச் சொன்னது. "போன் கோல் எடுத்த உடன கொம்பியூட்டரில மணிக்கூடு ஓடத் தொடங்கிடும். நான்தான் நிப்பாட்டோணும். சில நாள் நிப்பாட்டினனான். எல்லா நாளும் ஏலாது, மேல கேப்பினம்."

அது சிரிக்க முயன்றது. "இந்தக் கோலுக்குக் காசில்லை, பயப்பிடாதையுங்கோ. மூட்டுக்கு எண்ணெய் போடுறீங்களோ?"

"போடுறன்."

"சரி அங்கிள். வைக்கிறன்."

போனை வைத்துவிட்டுப் பதினேழு பக்கத்தையும் திரும்ப எடுத்தேன். இந்த முறை இல்லாததைத் தேடினேன். சித்திரைப் புதுவருடத்தன்று எடுத்தது இல்லை. வீட்டுக்குள் அணில் புகுந்துவிட்டதென்று எடுத்தது இல்லை. மனைவியின் பிறந்தநாளன்று எடுத்து ஒன்றுமே சொல்லாமல் வைத்தது இல்லை. எண்ணிக்கொண்டு போனால் நான் வெட்டிய வரிகளை விட அவைதான் கூடுதல். நான்தான் உள்ளதை உள்ளபடி குறித்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முன்பே தெரிந்திருந்தால் கடிதம் போட்டிருப்பேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கேட்க உரிமை இருந்ததைக் கேட்டேன். கேட்டது பிழையென்று முருகனும் சொல்லமாட்டான். ஆனால் நன்றி சொல்லவேண்டிய இடத்தில் கடிதம் எழுதியிருக்கிறேன், அதுவும் பதிவுத் தபாலில்.

மூன்று கிழமையில் திருத்திய பில் வந்தது. வேறொருவரின் கையெழுத்து. பதினான்கு வரிகளையும் ஒரு கேள்வியும் கேட்காமல் நீக்கியிருந்தார்கள். ஒன்பதாம் பக்கத்து வரி இருந்தது, நான் விட்டபடி. அன்றே தொலைபேசியில் கட்டினேன். கணக்குப் பகுதியில் ஒரு பெண்குரல் அட்டை இலக்கத்தைக் கேட்டது, வாங்கியது, கோப்பு இத்துடன் மூடப்படுகிறது என்றது. வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டது. அந்தப் பிள்ளை சுகமா என்று கேட்க வாய்வரை வந்தது. கணக்குப் பகுதிக்கு அது தெரியவேண்டியதில்லை. இல்லை, நன்றி என்றேன்.

மகள் இப்போது புதன்கிழமைகளில் ஏழு மணிக்கு எடுக்கிறாள். தன் போனில் நாட்காட்டியில் போட்டுவைத்திருக்கிறாளாம். முதல் புதன் எனக்கு எரிச்சலாக இருந்தது. தகப்பனோடு கதைக்கவும் நேரம் குறிக்கவேண்டுமா என்று. அன்று எங்கள் இருவருக்கும் என்ன கதைப்பதென்று தெரியவில்லை. சாப்பிட்டீங்களோ, சாப்பிட்டன், நீ, நானும். அதோடு சரி. வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"வைக்காதையுங்கோ அப்பா," என்றாள். "பாத்திரம் கழுவப்போறன். போனைப் பக்கத்தில வைச்சிருக்கிறன். ஒண்டும் கதைக்காட்டியும் பரவாயில்லை."

அங்கே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. எனக்கும் மத்தியானத்துச் சட்டி கிடந்தது. போனை யன்னல் ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டு நானும் குழாயைத் திறந்தேன்.